பால்மரக் காட்டின் இலக்கியத்துக்கு தேசிய விருது எப்போது?

மலேசியாவில் எழுதுகிற ஒருவருக்கு நாடு தரக்கூடிய ஆக உயர்ந்த மரியாதை ‘சஸ்தெராவான் நெகாரா’ எனப்படும் தேசிய இலக்கியவாதி விருது. பட்டத்தோடு ரொக்கப் பரிசும், அரசு மருத்துவமனையில் முதல் வகுப்புச் சிகிச்சையும், படைப்புகளை அச்சிட்டுப் பரப்பும் உதவியும் சேர்ந்து வருகின்றன. விருதுக்கான செயலகப் பணியை அரசின் மொழி, நூல் வளர்ச்சி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகா கவனிக்கிறது. 1981-இல் கெரிஸ் மாஸ் முதலில் பெற்றார். 1982-இல் ஷானோன் அகமட், 1983-இல் உஸ்மான் அவாங், அவர்களுக்குப் பின் ஏ. சமாட் சைட், அரினா வாத்தி, நூர்டின் ஹசான் என்று வரிசை நீண்டது. இவர்களில் எவருடைய தகுதியும் இந்தக் கட்டுரையின் கேள்வி அல்ல. ஏழைகளின் வாழ்வை மனிதநேயத்தோடு பாடிய உஸ்மான் அவாங்கை எந்த மொழிக்காரரும் தம்மவராகக் கொண்டாடலாம். கேள்வி வேறு. நாற்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட இந்த வரிசையில் இடம்பெற்ற அனைவரும் மலாய்மொழிப் படைப்பாளிகள். தமிழில், சீனத்தில், ஆங்கிலத்தில் எழுதும் மலேசியர் எவ்வளவு எழுதினாலும், எவ்வளவு சிறப்பாக எழுதினாலும், இந்த வரிசைக்கு வெளியே நிற்கிறார். இது மாற வேண்டும் என்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. மாறக்கூடாது என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களையும் நேர்மையாக எடைபோட வேண்டும்.

பேராக் மாநிலத்திலிருந்து பார்த்தால் இந்தச் சிக்கல் தெளிவாகத் தெரியும். 1991-இல் தேசிய இலக்கியவாதியான கவிஞர் முகமது ஹாஜி சாலே 1942-இல் தைப்பிங்கில் பிறந்தவர். முதலில் ஆங்கிலத்தில் கவிதை எழுதி, பிறகு மலாய்க்குத் திரும்பியவர். ஹாங் துவா காவியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். பேராக் பெருமைப்பட வேண்டிய பெயர். அதே மாநிலத்தில் ஈப்போவில் பிறந்த லி ஸிஷூ, சீனமொழி உலகம் மதிக்கும் நாவலாசிரியர். ஈப்போவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையை ஆங்கிலத்தில் நாவலாக எழுதி 2008-இல் வெளியிட்டவர் பிரீத்தா சமரசன். ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கைக் களமாகக் கொண்ட டாஷ் ஆவின் முதல் நாவல் பிரிட்டனில் விட்பிரெட் முதல்நாவல் பரிசைப் பெற்றது. ஈய வயல்களும் சுண்ணாம்புக் குன்றுகளும் பழைய கடைவீதிகளும் கொண்ட ஒரே நிலப்பரப்பு இத்தனை மொழிகளில் இலக்கியமாகியிருக்கிறது. இவற்றில் மலாயில் எழுதப்பட்டது மட்டுமே தேசிய இலக்கியம் என்று சொன்னால், கிந்தாவின் பெரும்பகுதி நாட்டுக்கு வெளியே போய்விடுகிறது.

இந்த வரையறை எப்படி வந்தது? 1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசிய கலாசார மாநாடு நடந்தது. 1969 மே இனக்கலவரத்தின் வடு ஆறாத காலம். நாட்டை ஒன்றாகப் பிடித்து நிறுத்த ஒரு பொதுப் பண்பாடு வேண்டும் என்ற தேடலில் மூன்று கொள்கைகள் வகுக்கப்பட்டன. தேசியப் பண்பாடு இந்த வட்டாரத்துப் பூர்வகுடிகளின் பண்பாட்டை அடித்தளமாகக் கொள்ள வேண்டும். பிற பண்பாடுகளிலிருந்து பொருத்தமான கூறுகளை ஏற்கலாம். இஸ்லாம் அதில் முக்கிய அங்கம். இலக்கியத்துக்கும் இதே வழியில் ஒரு பாகுபாடு பிறந்தது. பேராசிரியர் இஸ்மாயில் ஹுசேன் போன்றோர் அதை விரித்துரைத்தார்கள். மலாயில் எழுதப்படுவது தேசிய இலக்கியம். தமிழிலும் சீனத்திலும் எழுதப்படுவது ஒரு சமூகத்தாருக்கு மட்டுமான இலக்கியம். அன்று மலாய் எழுத்தாளர்கள் இருந்த நிலையையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். பதவியும் பணமும் ஆங்கிலத்தோடு போய்க்கொண்டிருந்த காலனிய ஆட்சியில், தம் மொழிக்கு இடம் கேட்டு அவர்கள் போராடியிருந்தார்கள். விடுதலைக்குப் பின் அந்த மொழியை உயர்த்திப் பிடிக்க ஒரு பெரிய விருது வேண்டும் என்று விரும்பியதில் பிழை இல்லை. அன்று அந்தக் கவசம் தேவைப்பட்டது. இன்று மலாய் பள்ளியின், பல்கலைக்கழகத்தின், நீதிமன்றத்தின், நாடாளுமன்றத்தின் மொழி. இன்னொரு மொழிக் கவிஞருக்குப் பொன்னாடை போர்த்துவதால் அதற்கு ஆபத்து எதுவும் நேராது.

ஒரு படைப்பைத் தேசியமாக்குவது எது என்று கேட்டால், விருது பெற்றவர்களின் புத்தகங்களே விடை தருகின்றன. ஷானோன் அகமட்டின் புகழ்பெற்ற நாவலான ‘ரஞ்சாவ் செபாஞ்சாங் ஜாலான்’ கெடாவின் ஒரு சிற்றூரில் நெல்வயலோடு மல்லுக்கட்டும் ஓர் ஏழைக் குடும்பத்தைப் பற்றியது. நண்டும் பறவையும் நோயும் வெள்ளமும் அந்தக் குடும்பத்தை எப்படி நொறுக்குகின்றன என்பதே கதை. ஒரு வட்டாரத்தின், ஒரு சமூகத்தின் வாழ்வை ஆழமாகத் தோண்டியதால்தான் அது நாட்டின் கதையானது. அப்படியானால் அதே கெடாவின், பேராக்கின், சிலாங்கூரின் ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு எழுந்து, மரநிரையில் இறங்கிப் பால் வெட்டி, ஒட்டுப்பால் பொறுக்கி, லயத்து வீட்டில் பிள்ளை வளர்த்த குடும்பத்தின் கதை எந்த நாட்டுடையது? 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்தன. அவற்றில் சிலவற்றைப் பேராக்கின் ஆங்கிலேய ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் வேலியிட்டுக் காக்கப்படுகிறது. நின்று பார்க்க வேண்டிய சரித்திரச் சின்னம்தான். ரப்பரும் ஈயமும் சேர்ந்துதான் மலாயாவின் கருவூலத்தை நிரப்பின என்று பள்ளிப் பாடநூலே கற்பிக்கிறது. அந்த ரப்பரைக் கையால் எடுத்தவர்களின் உள்வாழ்வு பெரும்பாலும் தமிழில்தான் எழுதப்பட்டிருக்கிறது. கங்காணியின் அதட்டலும் தாலாட்டும் மாரியம்மன் திருவிழாவும் அந்த மொழியில்தான் நடந்தன. வேறு எந்த மொழியில் அவர்கள் முதலில் எழுதியிருக்க முடியும்?

இந்த எழுத்துக்கு நூறாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. மலாயாவின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’ 1917-இல் வெளிவந்தது. 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளிதழ் 2019-இல் மூடப்படும்வரை தலைமுறை தலைமுறையாகக் கதைக்கும் கவிதைக்கும் பக்கம் ஒதுக்கியது. சயாம் மரண ரயில்பாதையை எடுத்துக்கொள்வோம். ஜப்பானியர் ஆட்சியில் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட அந்தப் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். பலர் திரும்பவே இல்லை. ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் போர்க்கைதிகளின் துயரம் ஆங்கில நூல்களாகவும் திரைப்படமாகவும் உலகுக்குத் தெரிந்தது. தோட்டத் தமிழரின் துயரத்தை ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய தமிழ் நாவல்கள் தாங்கி நிற்கின்றன. பேராசிரியர் ரெ. கார்த்திகேசுவின் நாவல்களில் தோட்டத்துக்கு அப்பால் படித்து மேலேறிய தலைமுறையின் மனம் பதிவாகியிருக்கிறது. இவை தமிழருக்கு மட்டுமான செய்திகள் என்றால், இரண்டாம் உலகப்போரும் மலேசியாவின் சமூக மாற்றமும் யாருடைய வரலாறு?

இங்கே அகிலனை நினைக்காமல் இருக்க முடியாது. ‘சித்திரப்பாவை’ நாவலுக்காக 1975-ஆம் ஆண்டின் ஞானபீட விருதைப் பெற்று, இந்தியாவின் உயர்ந்த இலக்கிய மரியாதையை அடைந்த முதல் தமிழர் அவர். மலேசியாவுக்கு வந்து தோட்ட மக்களைக் கண்டு ‘பால்மரக் காட்டினிலே’ என்ற நாவலையும் எழுதினார். தமிழில் எழுதுகிறவரை இந்தியா தன் தேசிய எழுத்தாளராக ஏற்றது. அவர் விருந்தினராக வந்து பார்த்த அதே காட்டில் பிறந்து வளர்ந்து அதே மொழியில் எழுதியவர்களை அவர்களுடைய சொந்த நாடு அந்த இடத்தில் வைத்துப் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதிய கே.எஸ். மணியத்துக்கும் இதே கதிதான். கெடா பீடோங்கில் பிறந்து, தோட்டப்புற இந்தியரின் வாழ்வை ‘தி ரிடர்ன்’ நாவலில் அழியாமல் பதித்தவருக்கு 2000-இல் ராஜா ராவ் விருது கிடைத்தது புது டெல்லியில். 2020-இல் அவர் மறைந்தார்.

இனி மறுப்புகள். முதலாவதும் வலுவானதும் இது: தேசிய விருது தேசிய மொழிக்கே உரியது, அரசியல் சட்டத்தின் 152-ஆம் பிரிவு மலாயைத் தேசிய மொழி என்கிறது. சரிதான். ஆனால் அதே பிரிவு, பிற மொழிகளைப் பயன்படுத்தவோ கற்கவோ கற்பிக்கவோ யாரையும் தடுக்கக்கூடாது என்றும், பிற சமூகங்களின் மொழிப் பயன்பாட்டையும் மொழிக் கல்வியையும் காத்து நிலைநிறுத்தும் உரிமை கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் உண்டு என்றும் சொல்கிறது. ஆட்சிமொழி எது என்பது ஒன்று. நாட்டின் கலை எது என்பது இன்னொன்று. அண்டை நாட்டைப் பாருங்கள். சிங்கப்பூரின் தேசிய மொழியும் மலாய்தான். அங்கே 1979-இல் தொடங்கிய கலாசாரப் பதக்கம் அந்நாட்டுக் கலைஞர்களுக்கான உச்ச மரியாதை. இராம. கண்ணபிரான் 1998-இலும், மா. இளங்கண்ணன் 2005-இலும், பி. கிருஷ்ணன் 2008-இலும், ஜே.எம். சாலி 2012-இலும், க.து.மு. இக்பால் 2014-இலும் தமிழில் எழுதியதற்காகவே அதைப் பெற்றார்கள். அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, இங்கே அப்படியில்லை என்று சொல்வார்கள். உண்மை. ஆனால் மலாய் தேசிய மொழியாக இருப்பது பிறமொழிக் கலைஞரைக் கௌரவிக்கத் தடையாகாது என்பதை அந்த உதாரணம் காட்டிவிடுகிறது. இந்தியாவின் சாகித்திய அகாதெமி 24 மொழிகளில் விருது தருகிறது. மொழிப் பிரச்சினையால் இரத்தம் சிந்திய இலங்கையிலும் அரச இலக்கிய விருதுகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றுக்கும் உண்டு. கனடாவின் கவர்னர் ஜெனரல் இலக்கிய விருது 1930-களில் ஆங்கில நூல்களுக்கு மட்டுமே தொடங்கியது. 1959-இல் பிரெஞ்சு நூல்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு விருது தன் எல்லையைப் பின்னர் விரித்துக்கொள்வது புதிதல்ல.

தமிழ்ப் படைப்பை யார் படித்துத் தீர்ப்புச் சொல்வது என்பது அடுத்த மறுப்பு. தேர்வுக் குழுவினருக்குத் தமிழ் தெரியாதே என்கிறார்கள். இது நிர்வாகச் சிக்கல், கொள்கைச் சிக்கல் அல்ல. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் இயங்குகிறது. அங்கே பணியாற்றிய தனிநாயகம் அடிகளின் முயற்சியால்தான் 1966-இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது. தமிழாய்வு உலகம் முதன்முதலாக ஒரு கூரையின்கீழ் திரண்டது இந்த மண்ணில்தான். இடைநிலைப் பள்ளி இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியம் ஒரு பாடம். அந்தத் தாள்களை அரசின் தேர்வு வாரியமே திருத்தி மதிப்பெண் இடுகிறது. இன்னொரு சான்றும் உண்டு. ம. நவீனின் ‘பேய்ச்சி’ நாவலை 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு தடைசெய்தது. அந்தத் தடை சரியா தவறா என்பது தனி விவாதம். என் கருத்தில் அது தவறு. ஆனால் ஒரு தமிழ் நாவலைப் படித்து, பரிசீலித்து, தடை விதிக்க அரசால் முடிந்திருக்கிறது. தடைக்காகப் படிக்க ஆள் இருக்கும்போது பாராட்டுக்காகப் படிக்க ஆள் இல்லை என்ற வாதம் நிற்காது.

“மலாயில் எழுதலாமே, யார் தடுத்தார்கள்?” என்பதும் அடிக்கடி கேட்கும் குரல். எழுதுகிறார்கள். தைப்பிங்கைச் சேர்ந்த உதயசங்கர் எஸ்.பி. மலாயில் எழுதும் இந்திய வம்சாவளி எழுத்தாளர்களை ஒன்றுதிரட்ட ‘காவ்யன்’ என்ற அமைப்பை உருவாக்கியவர். சீன வம்சாவளியைச் சேர்ந்த லிம் சுவீ தின் மலாய்க் கவிதைக்காக 2000-இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருதைப் பெற்றார். இவர்கள் செய்தது அருமையான பணி. இன்னும் பலர் இந்த வழியில் வர வேண்டும். ஆனாலும் ஒரு எழுத்தாளர் எந்த மொழியில் எழுதுவது என்பதை விருதுக்குழு தீர்மானிப்பதில்லை. அவர் எந்த மொழியில் அழுதாரோ, கனவு கண்டாரோ அது தீர்மானிக்கிறது. பேராக்கில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றை நடத்துவதும் ஆசிரியருக்குச் சம்பளம் தருவதும் அரசுதான். ஆறாண்டு ஒரு குழந்தைக்கு ஒரு மொழியில் எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டு, வளர்ந்தபின் அந்த மொழியில் நீ எழுதுவது நாட்டுக்கு உரியதல்ல என்று சொல்வது முரண்பாடு.

தரம் பற்றிய ஐயம் நம்மவர்களிடமிருந்தே வருகிறது: மலேசியத் தமிழ் இலக்கியம் அந்த உயரத்தை எட்டியிருக்கிறதா? இதற்குக் கோபப்படத் தேவையில்லை. நம்மிடம் அவசர எழுத்து உண்டு, தமிழ்நாட்டு வார இதழ்களைப் பார்த்து எழுதியது உண்டு, திருத்துவாரின்றி அச்சேறிய நூல்கள் ஏராளம். ஆனால் கதவைத் திறக்கச் சொல்வது தகுதியற்றவரை உள்ளே தள்ளுவதற்காக அல்ல. இந்த விருது ஆண்டுதோறும் கட்டாயமாக வழங்கப்படுவதும் அல்ல. 1996-இல் அப்துல்லா ஹுசேனுக்குப் பின் 2003-இல்தான் எஸ். ஒத்மான் கிளந்தான் பெற்றார். அதற்குப் பின் 2009 வரை எவருமில்லை. தகுதியானவர் இல்லையென்றால் காத்திருக்கத் தெரிந்த விருது இது. தமிழ்ப் படைப்பாளிக்கும் அதே கண்டிப்பு பொருந்தட்டும். இருபதாண்டுகள் யாருக்கும் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, பரிசீலனையில் இருக்கிறோம் என்ற நிலை வேண்டும். பெண்களுக்கு இந்த விருதில் தடை என்று எந்த விதியும் இருந்ததில்லை. அப்படியிருந்தும் முதல் பெண்ணாக சூரினா ஹசான் அதைப் பெற 2015 வரை, 34 ஆண்டுகள் ஆயின. தடை இல்லாத இடத்திலேயே இவ்வளவு காலம் என்றால், மொழியைக் காரணம் காட்டி வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்களுக்கு எவ்வளவு காலம் ஆகும்?

தமிழுக்கென்று தனி விருது ஒன்று போதாதா என்று சமரசம் பேசுவோரும் உண்டு. இல்லாததற்கு அது மேல்தான். ஆனால் அந்தப் பொறுப்பை நம் மக்கள் ஏற்கெனவே சுமந்துவிட்டார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீதிக்கு வந்துகொண்டிருந்த நாட்களில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளரிடம் பத்து பத்து ரிங்கிட்டாகப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். அந்தச் சங்கம் பின்னாளில் தமிழ் இலக்கியப் போட்டிகளை நடத்தியது. சங்கத்தை வழிநடத்திய தான்ஸ்ரீ கே.ஆர். சோமசுந்தரத்தின் பெயரில் அனைத்துலகப் புத்தகப் பரிசும் வழங்கப்பட்டது. பால் வெட்டியவரின் சேமிப்பில் வளர்ந்த ஓர் அமைப்பு இலக்கியத்தைப் போற்றியது என்பது உலக இலக்கிய வரலாற்றிலேயே அபூர்வமான செய்தி, அதை நாம் போதிய அளவு சொல்லிக்கொள்ளவில்லை. ஆயினும் ஒரு சமூகம் தன் எழுத்தாளரைப் பாராட்டுவதும் ஒரு நாடு பாராட்டுவதும் ஒன்றாகாது. நாடு பாராட்டும்போது அந்த எழுத்து பாடநூலுக்குப் போகும், நூலகங்களுக்குப் போகும், தமிழ் தெரியாத மலேசியரின் கைக்குப் போகும்.

அந்தக் கடைசிப் பயன்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தமிழ்ப் படைப்புகளை விருதுப் பரிசீலனைக்கு ஏற்கும்போது, முக்கியப் படைப்புகளின் மலாய் மொழிபெயர்ப்பும் உடன் வர வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம். தாகூருக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது அவரே செய்த ஆங்கிலப் பெயர்ப்பை வைத்துத்தான். மொழிபெயர்ப்பு வழியே தீர்ப்புச் சொல்வது இலக்கிய உலகுக்குப் பழகிய முறை. இப்படிச் செய்தால் தேசிய மொழியும் செழிக்கும்: தோட்டத்து வாழ்வு, மரண ரயில், லயத்திலிருந்து நகரத்துப் புறநகர் அடுக்ககங்களுக்குப் பெயர்ந்த குடும்பங்களின் அலைக்கழிப்பு எல்லாம் மலாய் வாசகருக்குச் சொந்தமாகும். பேராக்கின் பல தோட்டங்கள் இன்று செம்பனைக் காடுகள். சில, வீடமைப்புத் திட்டங்கள். லயங்கள் இடிந்துவிட்டன, கோயில்கள் இடம் மாறின. அந்த வாழ்வு எஞ்சியிருக்கும் இடங்களில் முதன்மையானவை இந்தப் புத்தகங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம். எழுத்தாளர் சங்கங்களும் பல்கலைக்கழகத் துறைகளும் சேர்ந்து விருதின் விதிகளை மாற்றக் கோரி முறையான மனு ஒன்றைக் கல்வி அமைச்சிடம் வைக்க வேண்டும். ஆனால் மனு போகும்போது கூடவே போக வேண்டிய நூல்கள் எத்தனை மலாயில் தயாராக உள்ளன? எத்தனை தமிழிலேயே மறுபதிப்பின்றி மறைந்துகொண்டிருக்கின்றன? ஈப்போவிலும் தைப்பிங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் கோயில் திருவிழாவுக்கும் கலைநிகழ்ச்சிக்கும் தாராளமாகப் பணம் தரும் அமைப்புகள் ஆண்டுக்கு ஒரு நாவலின் மொழிபெயர்ப்புச் செலவை ஏற்கலாம். மலாயும் தமிழும் சம அளவில் தெரிந்த இளம் ஆசிரியர்கள் நம்மிடம் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வேலையைக் கொடுங்கள், உரிய ஊதியத்தோடு. உங்கள் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ வாங்கி வைத்த பழைய மலேசியத் தமிழ் நூல் இருந்தால் பழைய தாளோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அருகிலுள்ள பல்கலைக்கழக நூலகத்துக்கோ தமிழ் அமைப்புக்கோ கொடுத்துவிடுங்கள்.